3 புலிகளை மடக்கும் 15 ஆடுகள்! அரியாங்குப்பம் திண்ணை ஆட்டத்தில் போலீசுக்கு வேலை இல்லை

அரியாங்குப்பம்:

சீட்டுக்கட்டு விரித்த தோப்புக்குள் போலீஸ் நுழையும். கரிக்கோடு போட்ட திண்ணைக்கு எந்த போலீசும் வராது. வந்தாலும் எதைப் பிடித்துக் கொண்டு போவது? 3 கூழாங்கல், 15 புளியங்கொட்டை. அவ்வளவுதான் ‘சொத்து’!

அதுதான் ஆடுபுலி ஆட்டம். திண்ணை வைத்த வீட்டில் வளர்ந்த பெரியவர்களுக்கு விளக்க வேண்டாம். செல்போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகளுக்காக இதோ சட்டதிட்டம்.

ஒரு முக்கோணம் போடுங்கள். உச்சியில் இருந்து அடிக்கோடு வரை உள்ளே இன்னும் 2 கோடு இழுங்கள். குறுக்கே ஒரு நீள்சதுரம், அதன் நடுவே படுக்கையாக ஒரு கோடு. கோடுகள் சேரும் இடத்தை எண்ணினால் 23 புள்ளி வரும்.

உச்சியில் ஒரு புலி, அடுத்த கோட்டில் 2 புலி. ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக இறக்குவார். ஒரு ஆடு இறங்கினால் புலி ஒரு அடி நகரும். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, நேர் பின்னால் காலி என்றால் போச்சு! ஒரே தாண்டில் வெட்டிவிடும்.

ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. 15-ம் இறங்கி முடியும் வரை நகரும் உரிமை கூட இல்லை. 3 புலியும் அசைய முடியாமல் மாட்டிக்கொண்டால் ஆட்டுக்காரருக்கு ஜெயம். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு ஜெயம் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. சண்டை வருவதே அங்கேதான்.

உச்சிப் புலிக்கு 8 ஆடு

உச்சியில் நிற்கும் புலிக்கு 4 வழி. வழிக்கு ஒரு ஆடு நிறுத்தினால் போதாது. பின்னால் இன்னொரு ஆடு நின்றால்தான் புலி தாண்டாது. ஆக 8 ஆடு! அதே புலி மூலையில் போய் ஒதுங்கினால் 2 வழிதான். 4 ஆட்டில் கதை முடிந்தது.

நேபாளத்தில் 4 புலி, 20 ஆடு வைத்து ‘பாக் சால்’ என்று ஆடுகிறார்கள். இரண்டு பேரும் பிசகாமல் ஆடினால் அது டிராவில்தான் முடியும் என்று கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கல் பொறுக்கிய சிறுவர்கள்

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல் பொறுக்குவது புதிதல்ல. ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் சிறுவர்கள் பொறுக்கிய மணிக்கற்களை 1937-ல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் வாங்கினார். ஒரு கல்லில் இருந்த தலை ரோமாபுரி மன்னர் அகஸ்டசுடையது என்றார். பிறகு 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே மண்ணைத் தோண்டினார். ஊர் உலகப் புகழ் பெற்றது.

கோர்ட்டு சொன்னது

ஆட்டம் எங்கே முடிகிறது, சூதாட்டம் எங்கே தொடங்குகிறது? இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. செகந்திராபாத் கிளப் வழக்கில் 1967-ல் தீர்ப்பு வந்தது. மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் அல்ல ரம்மி. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்கவும், எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று பார்க்கவும் திறமை வேண்டும் என்றது கோர்ட்டு.

அந்த ரம்மிதான் பிறகு செல்போனுக்குள் புகுந்தது. சம்பளம் போச்சு, நகை போச்சு என்று குடும்பங்கள் கதறின. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் போட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆன்லைனில் ஆட வைத்தால் நடத்துகிறவருக்கு 3 வருடம் வரை ஜெயில்!

புளியங்கொட்டையில் அந்த வம்பு இல்லை. தோற்றால் ஒரு டீ. அதையும் கடன் சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆசாமி எந்தத் திண்ணையிலும் உண்டு.

10 ஆடு பத்திரம்

கடைசியாக, புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஒரு ரகசியம். நீள்சதுரத்தின் 4 மூலை, முக்கோணத்தின் 2 அடிமூலை. இந்த 6 இடத்திலும் புலியால் வெட்டவே முடியாது. தாண்டிப் போய் நிற்கப் புள்ளி இல்லை! புலி முந்திக்கொண்டு உட்காராவிட்டால் முதல் 6 ஆட்டை அங்கே இறக்குங்கள். அந்த மூலைகளுக்கு நடுவே ஓரத்தில் 4 இடம் இருக்கும். மூலையில் ஆடு நின்றால் அந்த நாலையும் தொட முடியாது.

11-வது ஆட்டில்தான் வினையே ஆரம்பம்.