வாகனம் வாங்குமுன் ஓட்டிப் பார்த்தீர்களா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது முதல் சாய்ந்தமருதுக் கடைத்தெருவிலும் வாகனப் பேச்சுத்தான். புதிதாகவோ, ஜப்பானில் ஓடி வந்த ரீகண்டிஷனாகவோ ஒன்றை வாங்க எமது வர்த்தகர்கள் பலர் முன்வருகின்றனர். புடவை வாங்கினால் விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் நாம், பல இலட்சம் கொடுக்கும் வாகனத்தை ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன்னர் கொழும்பில் ஒருவரிடம் வேன் வாங்கினேன். "வாங்க ஹாஜியார், ஒரு சுற்று போவோம்" என்று அவரே ஓட்டிக் காட்டினார். சமதரை, ஆளில்லா வேன், ரேடியோ வேறு. பட்டுப்போல் ஓடியது. பெருநாள் சரக்கை ஏற்றி ஊர் திரும்பும்போதுதான் அதன் குணம் தெரிந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. நின்று நின்று கண்டியைக் கடந்து, மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுக்கு வந்தால், பிரேக்கில் கருகல் வாடை. சின்னக் கியரில் உருட்டித்தான் இறங்கினோம். சரக்கு இரண்டு நாள் பிந்தியது. பெருநாளுக்கு முந்திய இரண்டு நாள் என்னவென்று புடவைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எமது கரையோரம் தட்டை நிலம். கல்முனை–அக்கரைப்பற்று வீதியில் எந்த வாகனமும் நன்றாகத்தான் ஓடும். ஆகவே சரக்கு வாகனமென்றால் 50 கிலோ அரிசி மூட்டை பத்தாவது ஏற்றி ஓட்டிப் பாருங்கள். கொழும்பில் வாங்குவோர், முற்பணம் கொடுக்குமுன் கடுகண்ணாவை வரை ஏறி இறங்கலாமா என்று கேளுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே பாதிப் பதில்.

போனவுடன் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்னரே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதையும், சூடேறிய பின்னும் நிற்காத அடர்ந்த வெள்ளைப் புகை குளிரூட்டும் நீர் எஞ்சினுக்குள் கசிவதையும் காட்டும். ஆளில்லாத நேர் வீதியில் மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் பிடியைச் சற்றுத் தளர்த்துங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா? பின்னால் வாகனமில்லாதபோது 40 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக்கை அழுத்துங்கள். முன் சில்லு இழுக்கும் வாகனமென்றால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து இரு பக்கமும் வட்டமிடுங்கள்; 'டிக் டிக்' சத்தம் தேய்ந்த எக்ஸல் மூட்டினுடையது. ரேடியோவை நீங்களே நிறுத்துங்கள்.

ரீகண்டிஷன் வாகனத்துக்கு ஜப்பான் ஏலத் தாளைக் கேட்டு, செசி இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். தரத்தில் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்றிருந்தால் அடிபட்டுத் திருத்தியது. உள்நாட்டில் ஓடியதென்றால் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். 2004 சுனாமி உப்பு நீர் இரும்பை என்ன செய்யும் என்று எமக்குக் காட்டித் தந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்திலும் வாகனங்கள் மூழ்கின. சீற் பெல்ட்டை முடிவுவரை இழுங்கள். கழுவியவர்கள் பெரும்பாலும் அங்கே சேறு விட்டுவிடுவார்கள்.

ஓட்டுமுன் காப்புறுதியும் வருமான உத்தரவுப் பத்திரமும் நடைமுறையில் உள்ளனவா என்று பாருங்கள். வழியில் மோதினால் சிக்குபவர் நீங்கள். உங்கள் கராஜ் பாஸையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி, நான் ரேடியேட்டருக்குக் கொடுத்ததில் சிறு பங்குகூட வராது. திரும்பி வந்ததும் பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டு, வாகனத்தை நகர்த்தி, நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி கிடக்கிறதா என்று பாருங்கள். விலைப் பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.