ரோபோவுக்கு நோகுமா? குடும்பத் திரைப்படங்களில் இயந்திர மனிதர் படும் பாடு

சென்ற மார்கழி விடுமுறையில் ஒரு மாலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் மூத்த மகளின் மகன், ஏழு வயதுச் சிறுவன், வீட்டிலிருந்த பெரியவர்கள் எல்லோரையும் தொலைக்காட்சியின் முன் இருத்திவிட்டான். 'ஸ்ரார் வோர்ஸ்' வரிசையில் 1983 ஆம் ஆண்டு வெளிவந்த 'றிற்றேர்ன் ஒவ் த ஜெடை' என்ற படத்தை நாம் எல்லோரும் அவனோடு சேர்ந்து பார்க்கவேண்டும் என்பது அவனுடைய கட்டளை.

அப்படத்தின் தொடக்கப் பகுதியில், ஜபா என்னும் கொள்ளைக் கூட்டத் தலைவனின் மாளிகைக்கு இரண்டு ரோபோக்கள் அன்பளிப்பாக அனுப்பப்படுகின்றன. அவை ஒரு நிலவறைக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. அங்கே ரோபோக்களை அடக்கியாளும் மேற்பார்வையாளனும் ஒரு ரோபோவே. ஒரு மூலையில் ஓர் இயந்திரம் கை கால்கள் இழுக்கப்பட்டுப் பிய்க்கப்படுகிறது. பெட்டி போன்ற வடிவமுடைய இன்னொன்று தலைகீழாகத் திருப்பப்பட்டு, அதன் உள்ளங்கால்களில் காய்ச்சிய இரும்பு வைக்கப்படுகிறது. புகை எழுகிறது, அது கீச்சிட்டு அலறுகிறது. எல்லாம் சில விநாடிகள்தான்.

பேரன் கைகொட்டிச் சிரித்தான். என் மனைவியின் தம்பி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

"ஏன் ராசா சிரிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அது ரோபோதானே அம்மப்பா, அதுக்கு நோகாது" என்றான்.

சிறுவனைக் குறைகூற இயலாது. சிரிக்கும்படியாகவே அக்காட்சி அமைக்கப்பட்டுள்ளது. வதைபடுவது குட்டைக் கால்களுள்ள ஒரு தகரப் பெட்டி. அதன் அலறலும் விளையாட்டுப் பொருளின் சத்தத்தை ஒத்தது. ஆனால் என் மைத்துனர் தொண்ணூறுகளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பதினொரு மாதங்கள் தடுத்துவைக்கப்பட்டிருந்தவர். அங்கு நடந்தவை பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. தலைகீழாகத் தொங்குவதும் உள்ளங்காலிற் சூடு வைப்பதும் எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்துக் கற்பனை என்று அவரால் எண்ண முடியாது. இதனை வாசிப்போருள் பலரது வீடுகளிலும் இவ்வாறு பேசாத ஒருவர் இருக்கக்கூடும்.

அன்றிரவு எனக்கு எழுந்த கேள்வி இதுதான்: குடும்பத்தோடு பார்க்கத்தக்கவை எனப்படும் படங்களில் ரோபோக்கள் மீது காட்டப்படும் வன்செயல் எல்லை மீறிப்போகிறதா?

அமெரிக்காவில் மேற்படி படத்துக்கு அளிக்கப்பட்ட தரம் 'பீ.ஜி.', அதாவது பெற்றோரின் வழிகாட்டலுடன் சிறுவரும் பார்க்கலாம் என்பது. அடுத்த ஆண்டு, 1984 ஜூலையில், 'பீ.ஜி.-13' என்ற கடுமையான தரம் புதிதாக ஏற்படுத்தப்பட்டது. அதற்குக் காரணமாயிருந்தவை அவ்வாண்டின் இரண்டு படங்கள். 'இந்தியானா ஜோன்ஸ்' படத்தில் ஒரு மனிதனின் நெஞ்சிலிருந்து இதயம் பிடுங்கப்படுகிறது. 'கிரெம்லின்ஸ்' படத்தில் ஒரு குட்டிப் பிசாசு சமையலறைக் கருவியில் அரைபடுகிறது. பெற்றோர் கொதித்தெழுந்தனர். சூடு வைக்கப்பட்ட பெட்டிக்காக எவரும் கொதித்தெழுந்ததாக நான் அறியேன். இரத்தமும் தசையும் இருந்தால் வன்செயல். தீப்பொறியும் எண்ணெயும் என்றால் வேடிக்கை. படம் எடுப்போருக்கு இது வாய்ப்பான கணக்கு. மனிதனுக்குச் செய்ய முடியாததையெல்லாம் இயந்திரத்துக்குச் செய்து காட்டிவிடலாம்.

"நாங்களும் சூரன்போர் பார்த்து வளர்ந்தவர்கள்தானே, மாஸ்டர்" என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். நியாயமான கேள்வி. தகப்பனின் தோளிலிருந்தபடி சூரனின் தலைகள் ஒவ்வொன்றாக விழக்கண்டு ஆரவாரித்த பிள்ளைகள்தாம் நாம். ஆனால் சூரன் எதிர்நின்று பொருதுபவன். கட்டிவைத்துச் சூடு வைக்கப்படுபவனல்லன். இறுதியில் அவன் மயிலும் சேவலுமாக முருகனிடமே சேர்ந்துவிடுகிறான்.

ஆகவே, ரோபோ உடைபடுவதையே தவறென்று நான் சொல்லவரவில்லை. அதே வரிசையில் 1980 இல் வந்த படத்தில் பொன்னிற ரோபோவாகிய சீ-திறீபீஓ சுடப்பட்டுத் துண்டுதுண்டாகிறது. உரோமம் அடர்ந்த அதன் தோழன் அத்துண்டுகளைத் தேடியெடுத்து, முதுகிற் சுமந்து, தலையைப் பின்புறமாகப் பூட்டித் தடுமாறி, மெல்ல மெல்ல ஒட்டவைக்கிறான். குழந்தை சிரிக்கிறது, அச்சிரிப்பில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

இவ்விடத்தில் பலரும் மறந்துவிட்ட ஒரு படத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1986 இல் வெளிவந்த 'ஷோர்ட் சேர்க்கிட்', இராணுவத் தேவைக்காகச் செய்யப்பட்ட ரோபோ ஒன்று மின்னல் தாக்கி உயிருணர்வு பெறும் கதை. அதில் ஒரு காட்சி. துள்ளி விளையாடும் ரோபோ தவறுதலாக ஒரு வெட்டுக்கிளியை நசுக்கிவிடுகிறது. அதைத் திரும்பப் பூட்டித் தரும்படி தோழியிடம் கேட்கிறது. இறந்ததைப் பூட்ட முடியாதென்று அவள் விளக்குகிறாள். தன்னைக் கழற்றிப் போடத் தேடுகிறார்களே, அதுவும் இதுதானா என்று அதற்கு அப்போதுதான் விளங்குகிறது. சாவைப் பற்றிக் குழந்தைக்கு இவ்வளவு எளிமையாகச் சொன்ன காட்சிகள் சிலவே.

இதன் இரண்டாம் பாகம் 1988 இல் வந்தது. கதை நடப்பது அமெரிக்க நகரொன்றில் என்றாலும் படம் பிடிக்கப்பட்டது எங்கள் ரொறன்ரோவில். (ரோபோவின் நண்பனான இந்தியப் பொறியியலாளராக, மண்ணிறச் சாயம் பூசிய ஒரு வெள்ளைக்கார நடிகர் வந்து நம்மவர் பேச்சைக் கேலி செய்வதுபோலப் பேசுகிறார். அது வேறொரு கட்டுரைக்குரிய சங்கதி.) நகருக்குப் புதிதாக வந்த ரோபோ எல்லோரையும் நம்புகிறது, வழிப்பறிக் கும்பல் ஒன்று அதை ஏமாற்றிக் களவில் ஈடுபடுத்துகிறது. பின்னர் நண்பன்போல் நடித்த ஒருவனின் ஏவலினால் அடியாட்கள் அதனை அடித்து நொறுக்குகிறார்கள். கெஞ்சக் கெஞ்ச அடிக்கிறார்கள். மின்கலத்திலிருந்து திரவம் ஒழுக ஒழுக அது தன்னை இழுத்துக்கொண்டு போகிறது. இதுவும் 'பீ.ஜி.' படந்தான். இக்காட்சியைச் சிறுவயதிற் பார்த்து அழுததாக என் மகளின் வயதையொத்த சிலர் இன்றும் சொல்வர். குழந்தைகளுக்கு இது கூடாதென்று குறைப்படுவோரும் உளர்.

நான் அவ்வாறு கருதவில்லை. அழுத குழந்தைக்கு அக்காட்சி என்ன கெடுதல் செய்தது? அடிபடுபவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அது கண்டுகொண்டது. இறுதியில் அந்த ரோபோவும் அப்பொறியியலாளரும் அருகருகே நின்று குடியுரிமைச் சத்தியப் பிரமாணம் எடுக்கிறார்கள். குடிவரவு அலுவலகக் கடிதத்துக்காகத் தபாற்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்களுக்கு அக்காட்சியின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

எல்லை மீறுவது பிள்ளையை அழவைக்கும் காட்சியல்ல, சிரிக்கவைக்கும் காட்சியே என்பதுதான் என் முடிபு. ஒரு பொருளுக்கு வாயைக் கொடுத்து, அச்சத்தைக் கொடுத்து, அலறலையும் கொடுத்துவிட்டு, பின் அந்த அலறலைப் பார்த்தே நகையாடப் பழக்குவது எவ்வகையிலும் குழந்தைகளுக்குரியதன்று. 1999 இல் வந்த 'த பாந்தம் மெனஸ்' படத்தின் போர் ரோபோக்களை எண்ணிப்பாருங்கள். அவை பேசுகின்றன, கட்டளைக்குப் பணிகின்றன, புல் வெட்டுவதுபோல் வெட்டப்படுகின்றன. முடிவில் ஒன்பது வயதுச் சிறுவன் தாய்க்கப்பலைத் தகர்க்க, அத்தனையும் ஒரே கணத்திற் சாய்கின்றன. 2008 இல் தொடங்கிய 'குளோன் வோர்ஸ்' சித்திரத் தொடரிலோ அவை சாகுமுன் தங்கள் தலைவிதியை நொந்து அசட்டுப் பகிடியும் விடுகின்றன. என் பேரனுக்கு அது மனப்பாடம்.

இதனை நன்கு உணர்ந்து எடுத்தவர் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க். 2001 இல் வந்த அவரது 'ஏ.ஐ.' படத்தில், பழைய ரோபோக்களைப் பிடித்துவந்து கூட்டத்தின் முன் அமிலம் ஊற்றியும் பீரங்கியில் வைத்துச் சுட்டும் அழிக்கும் களியாட்டம் ஒன்று வருகிறது. மக்கள் குடும்பம் குடும்பமாக இருந்து ஆரவாரிக்கிறார்கள். சிறுவன் உருவிலான ரோபோ தன்னை விட்டுவிடும்படி இரந்து கதறியபோதுதான் கூட்டம் மாறி, நடத்துநன்மீதே பொருட்களை வீசுகிறது. முகம் நம் பிள்ளையின் முகமாக இருந்தபடியால் இரங்கினார்கள். முகம் சிதைந்த மற்றவை? படம் 'பீ.ஜி.-13', சிறு பிள்ளைகளுக்கு உகந்ததன்று. பெற்றோர் பார்க்கவேண்டும்.

'ரோபோ' என்ற சொல்லே செக் மொழியில் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் 'றொபோட்டா' என்பதிலிருந்து பிறந்தது. கரெல் சாப்பெக் 1920 இல் எழுதி வெளியிட்ட நாடகத்தில் அச்சொல் முதன்முதலாக வந்தது. அதில் வரும் ரோபோக்கள் தகரத்தாலானவை அல்ல. உடலுள்ள, கூலியில்லாத வேலையாட்கள். இலங்கையில் 1832 இல் ஒழிக்கப்பட்ட இராசகாரியத்தைப் படிப்பித்த காலத்தில் இச்சொல் எனக்குத் தெரிந்திருந்தால் வகுப்பிற் சொல்லியிருப்பேன். 'நோவு அறியாதவன்' என்று ஒருவனைத் தீர்மானித்துவிட்டால் அவனிடம் எவ்வளவும் வேலை வாங்கலாம். தோட்டங்களிலும் சிறைகளிலும் இந்தத் தீர்மானம் மனிதரைப் பற்றியே செய்யப்பட்டது.

படத்தை நிறுத்தவோ தடைசெய்யவோ நான் முனையவில்லை. தடை செய்தால் அடுத்த வீட்டிற் பார்ப்பான். மறுநாள் அக்காட்சியை அவனோடிருந்து மீண்டும் பார்த்தேன். "இதுக்கு நோகாதென்றால் ஏன் கத்துது?" என்று மட்டும் கேட்டேன். விடை சொல்லவில்லை. அடுத்த காட்சி ஓடத் தொடங்கிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தான்.

"பிறகு அந்தப் பெட்டியை விட்டவங்களோ, அம்மப்பா?"

படத்தில் அதைக் காட்டவில்லை என்றேன். தேநீர்க் கோப்பையுடன் வாசலில் நின்ற என் மைத்துனர், "விட்டிருப்பாங்கள் ராசா" என்று சொல்லிவிட்டு வந்து அவன் பக்கத்தில் அமர்ந்தார்.