பிள்ளைகளுக்குப் பழ மிட்டாய்: வீட்டுக் கடல்பாசியே போதும்



பள்ளிக்கூடம் விடுமுறை விட்டாகிவிட்டது. மதரஸா கோடை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் நேராகக் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். கையில் கிடைக்கும் ஐந்து, பத்து ரூபாய்க்கு ஜெல்லி மிட்டாய், கலர் மிட்டாய் என்று வாங்குகிறார்கள். "இந்த ஜெல்லி ஹலால்தானா?" என்று தாய்மார்கள் கேட்பதும் வழக்கம். அதற்கான விளக்கத்தையும், வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையையும் இங்கே தருகிறோம்.

ஜெலட்டின் என்றால் என்ன?

மென்று தின்னும் ஜெல்லி மிட்டாய்கள் பலவற்றில் சேர்க்கப்படும் பொருள் ஜெலட்டின். விலங்குகளின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்தி எடுப்பது இது. பன்றித் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள், மாட்டிலிருந்தும் எடுக்கிறார்கள். மாடாகவே இருந்தாலும் அது ஷரீஅத் முறைப்படி அறுக்கப்பட்டதா என்ற கேள்வி இருக்கிறது. பொருளின் தன்மை முழுவதும் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்று கூறும் உலமாக்களும் உண்டு. மாறுவதில்லை என்று கூறுவோரும் உண்டு. சந்தேகமானதை விட்டு விலகுபவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்பது நபிமொழி தரும் பாடம். தெளிவு வேண்டுவோர் தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடையில் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவப் பொருள். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் விலங்குப் பொருள் கலந்தது. உறையோ குறியோ இல்லாமல் கண்ணாடி ஜாடியில் விற்பதை வாங்காமல் இருப்பதே நல்லது.

நிறமும் ஒரு கவலை

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமின்-பி என்ற நிறமி அதில் கலந்திருப்பது பரிசோதனையில் தெரியவந்ததே காரணம். திருப்பூர்ப் பக்கம் வாழும் நமக்குச் சாயம் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அது பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகக் கூடாது. ஹலாலானதை மட்டுமல்ல, தூய்மையானதையும் உண்ணும்படி அல்குர்ஆன் (2:168) கட்டளையிடுகிறது.

கடல்பாசி

நோன்பு திறக்கப் பாலிலும் இளநீரிலும் கடல்பாசி காய்ச்சி வைப்பது நம் வீடுகளில் பழகிய விஷயம்தான். இது கடலில் வளரும் பாசியிலிருந்து எடுப்பது. இராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கி இதற்கான பாசியைப் பறித்துப் பிழைக்கிறார்கள். தாவர வகை என்பதால் இதில் ஹலால் பற்றிய ஐயம் இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. ஜெலட்டின் 35 டிகிரி வெயிலைத் தொட்டாலே இளகிவிடும். கடல்பாசி ஏறக்குறைய 85 டிகிரி சூட்டில்தான் கரையும். 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறைந்துவிடும். எனவே குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் நன்றாக உறையும்.

மாம்பழத் துண்டு செய்முறை

தேவை: கடல்பாசி 10 கிராம், தண்ணீர் அரை லிட்டர், சர்க்கரை 150 கிராம், நன்கு கனிந்த மாம்பழக் கூழ் கால் லிட்டர், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி.

1. கடல்பாசியைச் சிறிதாக வெட்டி, அந்தத் தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஊற விடவும்.
2. மிதமான தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சவும். ஒரு நூல்கூடத் தெரியாமல் கரைய வேண்டும். கரையாமல் இறக்கினால் சரியாக உறையாது.
3. சர்க்கரை சேர்த்துக் கரைந்ததும் வடிகட்டவும்.
4. அடுப்பை அணைத்த பிறகு கூழையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்க்கவும். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் கடல்பாசியின் பிடிப்புக் குறையும். கூழ் சில்லென்று இருந்தால் ஊற்றியதுமே கட்டி தட்டும். எனவே முன்பே வெளியே எடுத்து வைக்கவும்.
5. தட்டில் ஊற்றி ஒரு மணி நேரம் ஆற விட்டு, துண்டு போடவும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். வெளியே வைத்தால் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

தர்பூசணி, திராட்சை, அன்னாசிச் சாற்றிலும் இதே முறைதான். இளநீரில் செய்தால் தேங்காய் வழுக்கையும் சேர்க்கலாம். காங்கேயத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

கடல்பாசி இல்லாமலும் செய்யலாம்

ஒரு கிலோ மாம்பழக் கூழுடன் 200 கிராம் சர்க்கரை சேர்த்து, கெட்டியாகும்வரை கிளறவும். நெய் தடவிய தட்டில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்தால் பாய் போலச் சுருட்டலாம். நம் ஊரில் வெயிலோடு காற்றும் புழுதியும் அதிகம்; மெல்லிய வெள்ளைத் துணியால் மூடிக் காய வைக்கவும். இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். கையில் ஒட்டாமல் காய்ந்திருந்தால் டப்பாவில் போட்டு வைக்கலாம்.

கொய்யாவுக்கு எதுவுமே வேண்டாம். உறைய வைக்கும் பெக்டின் அதிலேயே இருக்கிறது. வேகவைத்து விதை நீக்கிய கூழ் அரை கிலோ, சர்க்கரை 300 கிராம் சேர்த்துக் கிளறினால், பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும். ஆறியதும் துண்டு போடலாம்.

கவனிக்க

வழுக்கும் துண்டுகள் சிறு பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கக் கூடும். சின்னச் சின்னதாக வெட்டி, உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து கொடுங்கள். ஓடி விளையாடும்போது கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை மட்டுமல்ல, மாம்பழமும் அளவோடுதான். இரவில் தின்றால் பல் துலக்கிய பிறகே படுக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்தே செய்து விற்க விரும்பும் சகோதரிகள் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்த தேதியையும் சேர்த்த பொருள்களையும் உறையில் எழுதி ஒட்டுங்கள். வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்வதும் வியாபாரத்தில் ஓர் அமானிதமே.

செய்யும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாசி கழுவவும், பழம் பிசையவும் விடுங்கள். தான் சாப்பிடும் பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் இப்படித்தான் வரும். கொஞ்சம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தனுப்புங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, தூய்மையான உணவையும் உடல் நலத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்