பேராதனைப் பூங்கா: அழகுக்குப் பின்னால் இருக்கும் மலையகத்தின் வரலாறு

கண்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் வடக்கிலிருந்து வரும் பாடசாலைச் சுற்றுலாக்களிலும் இந்தப் பூங்கா இடம்பிடித்துவிட்டது. அண்மையில் நானும் அங்கு ஒரு முழு நாளைச் செலவிட்டேன். ஓர்கிட் மலர்களையும் பனை வரிசைகளையும் பார்த்துப் படம் எடுத்துத் திரும்ப அது போதுமான நேரம்தான். ஆனால் இது அழகுக்காக மட்டும் உருவாக்கப்பட்ட இடம் அல்ல. மலையகத் தமிழர்கள் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதற்கும், அவர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில் வன்னிக்கு வந்து நம்மோடு போரைச் சுமந்ததற்கும் இந்தத் தோட்டத்தோடு தொடர்பு இருக்கிறது.

அரச தோட்டம், ஆய்வுத் தோட்டம்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் சுமார் 6 கிலோமீற்றர் தூரத்தில், மகாவலி கங்கை வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்து ஓடும் நிலத்தில் 147 ஏக்கரில் பூங்கா அமைந்துள்ளது. 1371 இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் இங்கு அரசிருக்கை அமைத்ததாக வரலாறு கூறுகிறது. நாயக்கர் வம்சத்து மன்னனான கீர்த்தி சிறீ இராஜசிங்கனின் காலத்தில் இது அரச தோட்டமாக இருந்தது.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஆறு ஆண்டுகளின் பின்னர், 1821 இல், அலெக்சாண்டர் மூன் என்ற தாவரவியலாளர் களுத்துறையில் இருந்த தோட்டத்தை இங்கு மாற்றினார். அன்று நடப்பட்டவற்றுள் முக்கியமானவை கறுவாவும் கோப்பியும். நோக்கம் தெளிவானது. ஒரு நாட்டிலிருந்து பயிரைக் கொண்டுவந்து, இந்த மண்ணுக்கு அது ஒத்துவருமா என்று பார்த்து, ஒத்துவந்தால் பெருந்தோட்டக்காரர்களிடம் கொடுப்பது. இலண்டனின் கியூ பூங்கா, கல்கத்தா பூங்கா, பேராதனை ஆகியன இப்படி ஒன்றுக்கொன்று விதையும் கன்றும் அனுப்பிக்கொண்டன. பிரித்தானியப் பேரரசின் பயிர் வியாபாரத்துக்கு இவை நாற்றுமேடைகள்.

ஒரு பயிர் மாறியபோது

பூங்காவுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் கன்னொறுவை இருக்கிறது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் தமது கோப்பித் தோட்டத்தை அங்குதான் தொடங்கினார். ஆளுநரே தோட்டக்காரரானதும் மற்ற அதிகாரிகளும் காடுகளை வாங்கிக் கோப்பி நட்டார்கள். அதில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டார்கள். படகில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் அந்த வழியில் இறந்தவர்கள் ஏராளம்.

கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் பெருந்தொகை ஆட்கள் தேவை. அதனால் அவர்களில் பலர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள்.

1869 இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த துவெயிற்ஸ், நோயுற்ற இலைகளை ஆய்வுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பூஞ்சண நோய் என்று கண்டறியப்பட்டது. ஆனால் தடுக்க வழி இருக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்தது.

மாற்றுப் பயிர் ஏற்கெனவே பூங்காவுக்குள் இருந்தது. 1839 இலேயே கல்கத்தாவிலிருந்து தேயிலை விதைகள் பேராதனைக்கு வந்திருந்தன. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது.

இந்த மாற்றத்தின் விளைவைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். பருவத்துக்கு வந்து போகும் ஆட்கள் போதாது. குடும்பமாக வந்து லயன் அறைகளில் நிரந்தரமாகத் தங்குபவர்கள் தேவைப்பட்டார்கள். வந்து போனவர்கள் இங்கேயே பிறந்து இங்கேயே இறக்கும் மக்களானது தேயிலையால்தான்.

இறப்பரின் கதையும் இப்படிப்பட்டதே. பிரேசிலிலிருந்து எடுத்துவரப்பட்ட விதைகள் கியூவில் முளைக்கவைக்கப்பட்டு, 1876 இல் சுமார் 1,900 கன்றுகளாக இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுக்காகவே கம்பகாவில் ஹெனரத்கொட பூங்கா தொடங்கப்பட்டது.

மலையகத்திலிருந்து வன்னிக்கு

இந்த மக்களின் உழைப்பில் நாடு வருமானம் கண்டது. ஆனால் 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களில் அடிபட்டவர்கள் பாதுகாப்புத் தேடி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தார்கள். காடு வெட்டிக் காணி திருத்தினார்கள். பின்னர் வன்னி மக்கள் அனுபவித்த இடப்பெயர்வுகள் அனைத்தையும் அவர்களும் அனுபவித்தார்கள். முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்களுள் அவர்களும் இருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டன் மன்னார்க் கரையில் இறங்கி நடந்தான். பேரப்பிள்ளைகள் அதே மன்னார் மண்ணிலிருந்து தறப்பாளைச் சுமந்துகொண்டு கிழக்கே நடந்தார்கள்.

பூங்காவில் பார்க்க வேண்டியவை

பெரிய புல்வெளியில் கிளை பரப்பி நிற்கும் ஜாவா அத்தி மரத்தின் நிழலில் ஒரு பாடசாலையையே இருத்தலாம். சீசெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தென்னையைத் தவறவிட வேண்டாம். தாவர உலகின் மிகப் பெரிய விதை அதனுடையது. ஆற்றங்கரையில் இராட்சத மூங்கில்கள் நிற்கின்றன. மர உச்சிகளில் வௌவால்கள் தொங்குகின்றன. பனை வரிசை ஒன்றும் உண்டு. பதுங்குகுழிக்காகத் தறிக்கப்பட்ட பனைகளை நினைவில் வைத்திருக்கும் எனக்கு, அவை ஒழுங்காக நிரையில் நிற்பதைப் பார்க்கக் கண் நிறைந்தது.

பிரமுகர்கள் நட்ட மரங்களும் இருக்கின்றன. பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் இளவரசராக இருந்தபோது 1901 இல் நட்ட நாகலிங்க மரம் இன்றும் காய்க்கிறது. விண்வெளி வீரர் யூரி ககாரின் 1961 இல் ஒரு மரம் நட்டார். இரண்டாம் உலகப்போரின்போது மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவில் வைத்திருந்தார்.

எங்களுக்கு நெருக்கமான இன்னொரு விடயமும் உண்டு. பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரைமன், 1893 முதல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய கைந்நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் தாவரவியற் பெயரோடு சிங்களப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் தரப்பட்டுள்ளன. இடம்பெயர்ந்து நாம் எந்த மரங்களின் கீழ் அடுப்பு மூட்டினோமோ அந்தப் பாலையும் வீரையும் நம் மக்கள் அழைத்த பெயரிலேயே அங்கு பதியப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்த ஊர் மக்கள் யார் என்பதுதான் பதியப்படவில்லை.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர்கிட் மண்டபத்தைக் காட்டுங்கள். பிறகு ஆற்றங்கரைக்குக் கூட்டிச்சென்று மறுகரையின் கன்னொறுவையையும் காட்டுங்கள். அங்கிருந்து தொடங்கிய கோப்பியின் கதையையும், அதன் பின்வந்த தேயிலையின் கதையையும் சொல்லுங்கள். கிளிநொச்சியிலிருந்து வரும் வகுப்பென்றால், அந்தக் கதை தன் சொந்த வீட்டுக் கதையாக இருக்கும் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள்.