மலை மறித்த குரல்

வீரப்பனைத் தேடிய நாட்களில் அதிரடிப்படையின் கையில் துப்பாக்கியோடு வயர்லெஸ்ஸும் இருந்தது. கௌதள்ளிக் காடுகளில் அது எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை?

கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ் ஹனூரைத் தாண்டி கௌதள்ளியில் நின்று கிளம்புகிறது. பெயர்ப் பலகைகள் கன்னடத்தில். டீக்கடைப் பேச்சில் பாதி தமிழ். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை கொள்ளேகால் தாலுகா கோவை மாவட்டத்தில் இருந்தது என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிறகு மைசூர் மாவட்டம். 1997-ல் மைசூரைப் பிரித்தபோது சாமராஜநகர் மாவட்டம். ஊர் நகரவில்லை, அதை ஆளும் அலுவலகம் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

மாறாமல் இருப்பது எதிரே நிற்கும் மலை. கௌதள்ளிக்கு அப்பால் தாளபெட்டாவில் மலைப்பாதை தொடங்குகிறது. ஒன்றன்பின் ஒன்றாக முகடுகள், இடையே ஆழமான பள்ளங்கள், ஒரு பக்கம் பாலாறு, மறு பக்கம் காவிரி. பக்தர்களுக்கு இது மாதேஸ்வரனின் இருப்பிடம். வயர்லெஸ் ஆபரேட்டர்களுக்கோ இதைவிடக் கொடுமையான இடம் கிடைப்பது அரிது.

காரணம் எளிமையானது. போலீசும் வனத்துறையும் பயன்படுத்தும் வி.எச்.எப். அலை ஏறத்தாழ டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில் போகிறது. சமவெளியில் இரண்டு பேர் கையில் வாக்கி டாக்கியோடு நின்றால், பூமியின் வளைவு மட்டுமே தடை என்று கணக்குப் போட்டால்கூட 10 கிலோமீட்டர்தான் எட்டும். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். அலையின் நீளம் 2 மீட்டர் அளவில் இருப்பதால் ஒரு பாறையையோ மரத்தையோ சுற்றிக்கொண்டு ஓரளவு நழுவும். ஒரு மலையைச் சுற்றி நழுவாது. இலைகள் ஈரமாக இருந்தால் அவையும் கொஞ்சம் குடித்துவிடும். பள்ளத்தில் இறங்கிய ரோந்துக் குழு அடுத்த பள்ளத்தில் இருக்கும் குழுவோடு பேச முடியாது. பறவைக் கணக்கில் இரண்டுக்கும் நடுவே இரண்டே கிலோமீட்டர் இருந்தாலும் சரி.

இதற்குத் தீர்வு மலை உச்சியில் வைக்கும் ரிப்பீட்டர். பள்ளத்தில் இருந்து வரும் பலவீனமான குரலை ஒரு அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் வேறொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும் பெட்டி அது. 900 மீட்டர் உயரத்தில் அதன் ஆன்டெனா இருந்தால் கணக்குப்படி 120 கிலோமீட்டர் வரை பார்க்கும். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும், உச்சியில் கரண்ட் இருக்காது. சோலார் தகடு வேண்டும், பேட்டரி வேண்டும், இடி விழுந்தால் தாங்க வேண்டும், இத்தனையையும் யாராவது தலையில் சுமந்து மேலே ஏற்ற வேண்டும். அந்த உச்சியை யாராவது காவல் காக்கவும் வேண்டும், ஏனென்றால் பெட்டி நின்றால் காடு முழுவதும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும்.

கையில் இருக்கும் செட்டுக்கு வேறு கவலை. அந்தக் காலத்தில் அது நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடியது. பேசும்போது அது இழுக்கும் மின்சாரம், சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது இழுப்பதைவிட 20 மடங்குக்கும் மேல். ஆகவே வயர்லெஸ் தயாரிப்பாளர்கள் 8 மணி நேரம் உழைக்கும் என்று சொல்லும்போது ஒரு கணக்கு வைத்துச் சொல்கிறார்கள்: 100 நிமிடத்தில் 5 நிமிடம் பேசலாம், 5 நிமிடம் பதில் கேட்கலாம், மிச்சம் 90 நிமிடம் மௌனமாக இருக்க வேண்டும். நாலைந்து நாள் காட்டில் தங்கும் குழுவுக்கு 8 மணி நேரம் என்பது எம்மாத்திரம்? செட்டை அணைத்து வைத்து, குறித்த நேரத்தில் மட்டும் திறந்து 'ஓவர்' சொல்வதுதான் வழி. அணைத்து வைத்த செட்டுக்கு எச்சரிக்கை எதுவும் வந்து சேராது என்பது வேறு விஷயம்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் அந்தச் சில ஆண்டுகள் புரியும். 1991 நவம்பரில் வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ், வீரப்பன் தரப்பு சரணடையப் போவதாக நம்பி ஆயுதமின்றிக் காட்டுக்குள் போனார். திரும்பவில்லை. அவருக்குக் கீர்த்தி சக்ரா வழங்கப்பட்டது. 1992 மே மாதத்தில், இன்று கௌதள்ளி இருக்கும் அதே ஹனூர் தாலுகாவின் ராமாபுரம் போலீஸ் நிலையத்தை வீரப்பன் கும்பல் இரவில் தாக்கியது. 5 போலீசார் இறந்தனர். ஆயுதங்கள் கொள்ளை போயின. ஆகஸ்ட் 14-ம் தேதி மைசூர் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் எஸ்.ஐ. ஷகீல் அகமதுவும் மீணியம் அருகே பதுங்கியிருந்தவர்களிடம் சிக்கினர். அவர்களோடு சேர்த்து 6 பேர் பலி. 1993 ஏப்ரல் 9-ல் பாலாறு அருகே கண்ணிவெடி 22 உயிர்களைக் குடித்தது. 'ராம்போ' என்று அழைக்கப்பட்ட தமிழக எஸ்.பி. கோபாலகிருஷ்ணன் படுகாயத்தோடு பிழைத்தார்.

இவற்றில் ஸ்ரீனிவாஸும் ஹரிகிருஷ்ணாவும் போனது சிக்னல் இல்லாததால் அல்ல, கிடைத்த தகவலை நம்பியதால். சரணடைகிறார்கள் என்பது ஒரு தகவல், இன்ன இடத்துக்கு வருகிறார்கள் என்பது இன்னொரு தகவல். இரண்டும் வாய்வழியாக வந்தவை, இரண்டும் பொய். எத்தனை வாட் சக்தியுள்ள செட்டும் பொய்யை வடிகட்டிக் கொடுக்காது.

பாலாறு வெடிப்புக்குப் பிறகு எல்லாம் பெரிதாயிற்று. கர்நாடக அதிரடிப்படைக்கு சங்கர் பிதரி, தமிழக அதிரடிப்படைக்கு வால்டர் தேவாரம், கூடவே எல்லைப் பாதுகாப்புப் படை. மாதேஸ்வரன் மலை முகாமாக மாறியது. இரண்டு மாநிலம் என்றால் வயர்லெஸ்ஸிலும் இரண்டு குடும்பம். அலைக்கு மாநில எல்லை தெரியாது, ஆனால் அதைப் பிடிக்கும் செட்டில் சொந்தப் படையின் சேனல்கள்தான் பதிந்திருக்கும். அடுத்த மாநிலத்தானோடு பேச வேண்டுமென்றால் பொதுச் சேனல் ஒதுக்க வேண்டும், கன்னடமா தமிழா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். சாதாரண எப்.எம். முறையில் பேசும் இந்தச் செட்டுகளின் இன்னொரு பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதே அலைவரிசைக்குத் திருப்பக்கூடிய ரிசீவர் ஒன்று யாரிடம் இருந்தாலும் அவரும் கேட்கலாம். அனுமதி இல்லாமல் வயர்லெஸ் வைத்திருப்பது அப்போது 1933-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாக இருந்தது என்பது உண்மைதான். கொலை வழக்குகளை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய பயமாக இருந்திருக்காது.

வீரப்பனோ வேறு தொழில்நுட்பத்தை நம்பினான். ஆடியோ கேசட். 2000-ம் ஆண்டு ஜூலை 30 இரவு தாளவாடி அருகே கஜனூர் பண்ணை வீட்டில் இருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது, அவருடைய மனைவி பர்வதம்மாவிடம் ஒரு கேசட்டைக் கொடுத்து முதல்வரிடம் சேர்க்கச் சொன்னான். அடுத்த 108 நாட்கள் இரண்டு மாநில அரசுகள் கேசட்டுக்காகக் காத்திருந்தன. தூதராக நக்கீரன் கோபால் காட்டுக்குள் போவதும் வருவதுமே செய்தி. செயற்கைக்கோள் ஏவும் நாட்டில் இரண்டு முதல்வர்களின் தூக்கம், நடந்தே வரும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பொறுத்து இருந்தது. கேசட்டை ஒட்டுக்கேட்க முடியாது. அது எங்கிருந்து கிளம்பியது என்று ஆன்டெனாவைத் திருப்பித் திசை கண்டுபிடிக்கவும் முடியாது. தப்பித்து வாழ்பவனுக்கு வாயை மூடிய கருவியே பாதுகாப்பு.

அதிரடிப்படையின் பார்வை அப்போது மனிதர்கள் மீது விழுந்தது. வீரப்பனுக்கு அரிசி கொண்டுபோவது யார், போலீஸ் ஜீப் வருவதை முன்கூட்டியே சொல்வது யார்? மலைக் கிராமங்களின் தமிழர்களும் சோளிகர் பழங்குடியினரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். மாதேஸ்வரன் மலை முகாமில் அடைத்து வைத்து மின் அதிர்ச்சி கொடுத்தார்கள் என்று புகார்கள் குவிந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை நியமித்து விசாரித்தது. 2007-ல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. மைசூர் தடா நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்தபடி வழக்கைச் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் 2001-ல் விடுதலையானார்கள். எலெக்ட்ரானிக் கருவி கேட்காததை மனித உடலில் இருந்து கேட்க முயன்றதன் விலை அது. இழப்பீட்டுத் தொகை அந்த விலைக்கு ஈடாகாது.

கடைசியில் வீரப்பன் விழுந்த விதமும் கவனிக்கத் தக்கது. 2004 அக்டோபர் 18 இரவு தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே பாடியில், ஆம்புலன்ஸ் போல வேஷமிட்ட வேனுக்குள் அவன் இருந்தான். கண் பார்வை மங்கிவிட்டது, சிகிச்சைக்கு வெளியே போகலாம் என்று நம்பவைத்தவர்கள் கே. விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படையின் ஆட்கள். ஸ்ரீனிவாஸுக்கும் ஹரிகிருஷ்ணாவுக்கும் எதிராக அவன் பயன்படுத்திய அதே ஆயுதம், நம்பத்தகுந்த ஒரு பொய், அவனுக்கு எதிராகத் திரும்பியது. காட்டுக்குள் இருந்தவரை அவனை எந்தக் கருவியும் பிடிக்கவில்லை.

துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகு காட்டின் வாசல் யார் கையில் என்ற கேள்வி எழுந்தது. 2013-ல் மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 906 சதுர கிலோமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க மைசூர் நகரத்திலேயே ஒரு உதாரணம் உண்டு: 1996-ல் அங்கே ரூபாய் நோட்டு அச்சகம் தொடங்கப்பட்டது. அதுபோன்ற தடை செய்யப்பட்ட இடத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் போடுவது புரிகிற வேலை. நான்கு பக்கமும் சுவர், எண்ணிவிடக்கூடிய கதவுகள், கார்டைக் காட்டினால் திறக்கும் பூட்டு, விரல் ரேகை, ஒருவர் பின்னால் இன்னொருவர் நுழையாமல் தடுக்கும் சுழல் கதவு, எல்லாவற்றையும் ஒரே அறையில் பார்க்கும் கேமராத் திரை. உள்ளே யார், எத்தனை மணிக்கு வந்தார், வெளியே போனாரா என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

சரணாலயத்தின் கதவு செக்போஸ்ட்டில் குறுக்கே விழும் ஒரு கம்பம். பக்கத்தில் வண்டி எண் எழுதும் ரிஜிஸ்டர். ஆனால் கம்பம் இருப்பது சாலையில் மட்டும். மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், ஆற்றைக் கடந்து வருபவர் யாரும் கம்பத்தைப் பார்த்து வருவதில்லை. காட்டுக்குள்ளேயே கிராமங்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்தவரிடம் எந்தக் கார்டைக் கேட்பது? 2023 பிப்ரவரியில் பாலாறு எல்லையில் கர்நாடக வனத்துறையினர் சுட்டபோது தமிழக மீனவர் ஒருவர் உயிரிழந்தார். வேட்டைக்கு வந்தவர்கள் என்றது ஒரு தரப்பு, மீன் பிடிக்கப் போனவர் என்றது மறு தரப்பு. இருட்டில் எதிரே நிற்பவர் யார் என்பதைச் சொல்லும் கருவி எந்தத் தரப்பிடமும் இல்லை.

கருவிகள் வளரவில்லை என்று சொல்லிவிட முடியாது. டிஜிட்டல் வாக்கி டாக்கியில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சுகள் ஒரே நேரத்தில் ஓடும், பூட்டுப் போட்டுப் பேசலாம், பேசுபவர் நிற்கும் இடம் வரைபடத்தில் தெரியும். அதற்கும் ஒரு குணம் உண்டு. பழைய செட்டில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும், அந்த இரைச்சலுக்கு நடுவே பழகிய காது நாலு வார்த்தையைப் பொறுக்கி எடுத்துவிடும். டிஜிட்டலில் குரல் கடைசி வரை தெளிவாக இருந்துவிட்டுச் சட்டென்று அறுந்துவிடும். புலிகள் காப்பகங்களில் 2010 முதல் எம்-ஸ்டிரைப்ஸ் என்ற முறை வந்திருக்கிறது. வனக் காவலர் எந்தப் பாதையில் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்பதை அது பதிவு செய்கிறது. கார்பெட் காட்டில் கோபுரத்தில் ஏற்றிய வெப்பக் கேமராக்கள் இரவிலும் பார்க்கின்றன. மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமரா முன்னால் சூடான உடம்பு எதுவும் நகர்ந்தால் படம் எடுத்துக்கொள்கிறது. புலியும் சிறுத்தையும் கோடு புள்ளிகளால் அடையாளம் காணப்படுகின்றன. சில நேரம் துப்பாக்கி தூக்கியவரும் படத்தில் விழுகிறார்.

2025 ஜூன் 26-ம் தேதி இதே மலையின் ஹூக்யம் வனச்சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்த பசுவின் உடலில் பூச்சி மருந்து தடவப்பட்டிருந்தது. மாட்டை இழந்தவரின் ஆத்திரம். சம்பந்தப்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். மாதேஸ்வரன் மலை அப்போது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கவில்லை, அந்த அந்தஸ்தோடு வரும் மத்திய நிதியும் இல்லை. செத்த பசு கிடந்த இடத்தை ரோந்து போகிற ஒருவர் முதல் நாளே பார்த்திருந்தால் வயர்லெஸ்ஸில் ஒரு வரி போதும்: ஆடு மாட்டை விரட்டுங்கள், பசுவின் உடலைக் காவல் காத்து நில்லுங்கள், நஷ்ட ஈட்டுக்கு மனு எழுதுங்கள்.

அந்த வரியைச் சொல்ல வேண்டியவர்களைப் பற்றிய உண்மை ஒன்று அதே வாரத்தில் வெளியே வந்தது. வனச்சரகத்தில் நடந்து காவல் காக்கும் ஒப்பந்தக் காவலர்களுக்குப் பல மாதமாகச் சம்பளம் வந்து சேரவில்லை. புலிகள் சாவதற்குச் சில நாள் முன்புதான் அவர்கள் அதற்காகப் போராட்டம் நடத்தியிருந்தார்கள். அதன்பின் அதிகாரிகள் சிலர் மீது நடவடிக்கை பாய்ந்தது.