மழை விட்டும் வண்டி மக்கர் பண்ணுதா? பழைய பைக்கை வீட்டிலேயே சரிபார்ப்பது எப்படி?

ஐப்பசி மழை ரெண்டு நாள் விடாமல் அடித்து ஓய்ந்த காலை. சம்பா வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும். வடிகாலில் அடைப்பு இருந்தால் எடுத்துவிட வேண்டும். திண்ணையோரம் நனைந்தபடி நின்ற பழைய ஸ்ப்ளெண்டரை உதைத்தால், நாலு உதைக்கும் பேச்சு மூச்சு இல்லை. ஒருவழியாகப் பிடித்தாலும் திக்கித் திணறி, தெருமுனை தாண்டுவதற்குள் அணைந்துவிடுகிறது. தஞ்சாவூர், பாபநாசம், ஓரத்தநாடு, மன்னார்குடி என்று டெல்டாவில் மழைக்காலம் வந்தாலே மெக்கானிக் கடைகளில் கேட்கும் வசனங்கள் இவை: "மிஸ்ஸிங் அடிக்குது", "பிக்கப்பே இல்ல", "ஐடிலிங் நிக்க மாட்டேங்குது".

கிராமத்தில் பைக் என்பது ஊர் சுற்றும் வாகனம் மட்டும் இல்லை. யூரியா மூட்டையும் பால் கேனும் அதில்தான் போகும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அதில்தான். உரம் போட வேண்டிய நாளில் வண்டி கடையில் கிடந்தால், அன்றைய வேலையே கெட்டுவிடும்.

இதில் பல கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். பிளக் ஸ்பேனர், ஒழுங்கான ஸ்க்ரூடிரைவர், பழைய துணி, வெள்ளை பாட்டில், சைக்கிள் பம்ப் இருந்தால் போதும். ஆனால் பலர் செய்யும் முதல் காரியம், கார்புரேட்டரில் கண்ணுக்குத் தெரியும் ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பது. அதுதான் தப்பு. முதலில் பெட்ரோல், அடுத்து கரண்ட், அப்புறம் காற்று. ஸ்க்ரூவைத் தொடுவது கடைசியில்தான்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

ஓசூரிலிருந்து 1980-ல் வந்த டிவிஎஸ் 50, 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் அமலானபோது, பெரும்பாலான புது பைக்குகள் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் வாசலில் உட்கார்ந்து கழற்ற அதிகம் எதுவும் இல்லை. இங்கே பேசுவது அதற்கு முந்தைய வண்டிகளைப் பற்றி.

"பழசை வித்துட்டுப் புதுசு வாங்கலாமே" என்று சொல்வது சுலபம். 15 ஆண்டு தாண்டிய பைக்குக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 2,000 ரூபாயாக உயர்ந்தது. அதையும் கட்டித்தான் பல குடும்பங்கள் பழைய வண்டியை ஓட்டுகின்றன. புது வண்டியின் தவணையோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகைதான்.

பெட்ரோலில் என்ன மாறியது?

பழைய வண்டி இப்போது அதிகம் மக்கர் பண்ணுவதாகச் சொல்பவர்கள் உடனே கைகாட்டுவது இ20-ஐ, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை. 2030-க்குள் எட்ட நினைத்த இந்தக் கலப்பு அளவை நாடு 2025-லேயே எட்டிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது. கரும்போடு மக்காச்சோளமும், இந்திய உணவுக் கழகக் கிடங்கு அரிசியும் எத்தனால் ஆலைக்குப் போகின்றன. நெல் விளைவிக்கிறவரின் வண்டி டேங்குக்குள் அரிசியே திரும்பி வந்து சேர்கிறது என்றும் சொல்லலாம்.

எத்தனால் வண்டியை உடனே கெடுத்துவிடுமா என்றால், இல்லை. ஆனால் ரெண்டு விஷயங்கள் உண்மை. ஒன்று, அது எரிய பெட்ரோலைவிடக் குறைவான காற்று போதும். பெட்ரோலுக்கென்று அளவு வைத்த பழைய கார்புரேட்டரில் எத்தனால் கலந்ததை ஊற்றினால், காற்று கொஞ்சம் மிகுந்து, கலவை 'லீன்' ஆகிறது. எத்தனாலில் சக்தியும் பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலே கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த இருசக்கர வாகனங்களில் இ20-ஆல் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. பழைய வாகனங்களில் நீண்ட தூரம் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமும் 2025-ல் சொன்னது.

இரண்டாவதுதான் டெல்டாவுக்கு முக்கியம். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கலந்து எரிந்து போய்விடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்குப் போகும் குழாய் இருப்பதும் அதே அடியில்தான். எனவே என்ஜினுக்கு முதலில் கிடைப்பது பெட்ரோல் இல்லை, எரியாத அந்த அடித்தண்ணீர்தான். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் என்ன நடக்கும் என்று டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். டேங்கில் இருக்கும் ஈரத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

முதலில் டேங்க் மூடி

தண்ணீர் உள்ளே வரும் வழி பெரும்பாலும் டேங்க் மூடிதான். அதன் ரப்பர் வெடித்திருக்கும். இதற்கு ஊரில் ஒரு கைவைத்தியம் உண்டு: மூடிக்கு மேல் பாலிதீன் கவரை இறுக்கிக் கட்டிவிடுவது. மழைத்தண்ணீர் நிற்கும், ஆனால் வேறு வம்பு வரும். மூடியில் காற்று போக ஒரு சின்ன துளை இருக்கிறது. அதை அடைத்தால் பெட்ரோல் இறங்காது. வண்டி ஒன்றிரண்டு கிலோமீட்டர் நன்றாக ஓடி, அப்புறம் மூச்சுத் திணறி நின்றுவிடும். அப்போது மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று இழுக்கும். மறுபடி உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். இப்படி ஆனால் கார்புரேட்டரில் குற்றமே இல்லை. கவரை அவிழ்த்துவிட்டு மூடியின் ரப்பரை மாற்றினால் முடிந்தது.

அடுத்து பாட்டில் சோதனை. அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் விளக்கு, கொசுவர்த்தி, அடுப்பு, பீடி எதுவும் இருக்கக் கூடாது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். வேலை வாசலில் நடக்கட்டும்; சமையல்கட்டுப் பக்கம் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டருக்குப் போகும் ட்யூபைக் கழற்றி, பாட்டிலில் விட்டு டேப்பைத் திற. ரிசர்வில் வைத்தால் அடியில் இருப்பது வரும். ஒரு டம்ளர் அளவு பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டாலோ, தனியாக ஒரு அடுக்கு தெரிந்தாலோ தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். சுத்தமாக வரும்வரை வடித்துவிட வேண்டும். நிறைய இருந்தால் டேங்கையே காலி செய்து காயவைப்பது நல்லது. வடித்ததை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், மெக்கானிக் கடையில் கொடுத்துவிடலாம்.

பிடிக்கும்போதே பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்புக்குள் இருக்கும் வலையில் துருவோ தூசோ அடைத்திருக்கிறது. ட்யூபையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உப்பிப் போயோ, கல் மாதிரி இறுகியோ, வெடிப்பு விட்டோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

டேங்கில் தண்ணீர் இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்திலும் இருக்கும். பல கார்புரேட்டர்களில் அடியில் ஒரு ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் தளர்த்தினாலே தேங்கியது வடிந்துவிடும். பல வண்டிகள் இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். அதன் ஸ்க்ரூக்கள் மெதுவான உலோகம். சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கைவைத்தால் தலை வழுக்கிவிடும், அப்புறம் கடைதான் கதி.

உள்ளே ரெண்டு பித்தளை ஜெட்கள் தெரியும். சின்னது ஐடிலிங்குக்கு; பெரியது ஆக்சிலேட்டரைத் திருகும்போது வேலை செய்வது. வண்டி ஓடும்போது நன்றாக ஓடி, சிக்னலில் மட்டும் அணைந்தால் சின்ன ஜெட்டைச் சந்தேகிக்கலாம். மெதுவாக நன்றாக ஓடி, வேகமெடுக்கும்போது திணறினால் பெரிய ஜெட். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். ஊசி, பின், இரும்புக் கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு தப்பிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, சைக்கிள் பம்பால் காற்று விட்டாலே போதும்.

பிளக் என்ன சொல்கிறது?

பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால் என்ஜினின் ஜாதகமே தெரியும். காபிப்பொடி நிறம் என்றால் நலம். உலர்ந்த கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று போதவில்லை. எண்ணெய்ப் பசையாகக் கருத்திருந்தால், ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் போன்ற டூ ஸ்ட்ரோக் என்றால் 2டி ஆயில் அதிகம் விட்டிருக்கலாம். வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் கலவை லீன். டூ ஸ்ட்ரோக்கில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. சூடேறி பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பு என்ஜின் தலையில் படும்படி வைத்து உதைக்க வேண்டும். கேப்பின் ரப்பரைத்தான் பிடிக்க வேண்டும். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் கரண்ட் சரி. மஞ்சளாக மங்கினால் புது பிளக் போட்டு மறுபடி பாருங்கள், அதிகச் செலவில்லாத பொருள்தான். அப்போதும் மங்கல் என்றால் கேப், ஒயர், காயில் என்று பின்னோக்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் கேப்புக்குள் ஈரம் இறங்குவது சகஜம். துடைத்துக் காயவைத்தாலே சில வண்டிகள் எழுந்துவிடும். பழைய புல்லட், யெஸ்டி வைத்திருப்பவர்கள் பாயின்ட்டையும் பார்க்க வேண்டும்.

ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வயலோர வீடுகளில் அதுவும் நடக்கும்.

காற்றும் சோக்கும்

அறுவடை நேரத்தில் களத்துமேட்டில் நிறுத்திய வண்டியின் ஏர் ஃபில்டரைத் திறந்தால் நெல் சுணையும் வைக்கோல் தூசும் கொட்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, லேசாக என்ஜின் ஆயில் தடவிப் போடலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவவே கூடாது. தட்டிப் பார்த்தும் தூசு போகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினால் பிக்கப் கூடும் என்று சிலர் சொல்வார்கள். சுணை நேராக சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தின்றுவிடும்.

கலவை லீனா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சோக். என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வண்டி திணறுகிறது. சோக்கைப் பாதி இழுத்தால் சீராகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பரில் வெடிப்பு காரணமாக இருக்கலாம். ரெண்டும் சரியாக இருந்தால், இ20-ஆல் கலவை லீனாகியிருக்கலாம். கார்புரேட்டர் ஊசியில் கிளிப் மாற்ற வெட்டுகள் இருந்தால், கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கிப் போட்டால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கொஞ்சம் கூடும். பத்து நாள் ஓட்டி, பிளக் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். ஜெட்டைத் துளை போட்டுப் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம். பெரிய எண் ஜெட்டே கடையில் கிடைக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஏர் ஸ்க்ரூ. அதை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, எத்தனை சுற்று போனது என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டு வாருங்கள். சூடான என்ஜினில் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருகி, சத்தம் சீராக உயரும் இடத்தில் நிறுத்தி, அப்புறம் ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறைக்கலாம்.

என்ஜின் நன்றாகவே ஓடுகிறது, வண்டி மட்டும் இழுக்கவில்லை என்றால் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் டிரம்முக்குள் வயல் சேறு இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்குக் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் நிறைய பேர். டூ ஸ்ட்ரோக் என்றால் சைலன்சரில் கரி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் சைலன்சரை நெருப்பில் போட்டு எரிக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்?

பிளக் துளையில் கட்டை விரலை அழுத்தி வைத்து, இன்னொருவரை உதைக்கச் சொன்னால் காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் ரிங், வால்வு வேலை, வீட்டில் முடியாது. சைலன்சரில் நீலப் புகை விடாமல் வரும் ஃபோர் ஸ்ட்ரோக்கும், உள்ளே 'கடகட' சத்தம் கேட்கும் என்ஜினும் அப்படித்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் எடுத்தவுடன் உதைக்கவே கூடாது. முதலில் பிளக்கைக் கழற்றி, மெதுவாக உதைத்து உள்ளே போன தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிறகு என்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காபி மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்யாமல், கடைக்குத் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. போகும்போது வடித்த பாட்டிலையும், கழற்றிய பிளக்கையும், ஏர் ஸ்க்ரூ சுற்று எழுதிய சீட்டையும் எடுத்துக்கொண்டு போனால், மெக்கானிக் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.