கூலிப் பட்டியலில் ஒரு சாதிக் கட்டம்

இளையாத்தங்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கைலாசநாதர் கோயில். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது. அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பத்தில் திருமணம் என்றால் கோயிலிலிருந்து மாலை போக வேண்டும். புதிதாக மணமானவர்கள் கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’யாகப் பதிவாக வேண்டும். ஏட்டில் பெயர் ஏறினால்தான் ஊரும் உறவும். 1962இல் காஞ்சி மடம் கூட்டிய ஆகம சிற்ப சதஸும் இந்த ஊரில்தான் நடந்தது. கற்றவர்கள் கூடிக் கோயிற்கலை பற்றி விவாதித்தார்கள்.

ஏடும் எழுத்தும் ஆராய்ச்சியும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. ஆனால் அந்த ஏடுகளில் சேரிக்காரர்களுக்கு இடம் இருந்ததில்லை. நம் பெயர் ஏறிய ஏடு வேறு. நூறு நாள் வேலையின் வருகைப் பட்டியல் அது. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி அந்தத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஆறு மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. ஊரணி தூர் வாரியவர்கள், கண்மாய்க்கு வரத்துக்கால் வெட்டியவர்கள் எல்லோர் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்தப் பட்டியல் இப்போது கணினியில் இருக்கிறது. மண்வெட்டியைப் பிடிப்பது நாம். கூலியைப் பிடித்து வைப்பதும் விடுவிப்பதும் கணினி. அரசு கணினிக்கு மாறும்போது மக்களுக்கு என்ன ஆகிறது என்று ஆராயும் பேராசிரியர்களும் களப்பணியாளர்களும் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. 2021இல் நடந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

முதலில், கூலி எப்படி வருகிறது என்று பார்ப்போம். பணித்தளப் பொறுப்பாளர் வருகையைக் குறிக்கிறார். வாரம் முடிந்ததும் பட்டியல் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே கணினியில் ஏற்றி, இன்னாருக்கு இவ்வளவு என்று பண ஆணை தயாரித்து மேலே அனுப்புகிறார்கள். இதற்கு 8 நாள். அதன்பின் டெல்லி தன் பணத்தை நேராக நம் வங்கிக் கணக்கில் போட வேண்டும். அதற்கு 7 நாள். ஆக 15 நாளில் கூலி கைக்கு வர வேண்டும் என்பது சட்டம். 16ஆம் நாளிலிருந்து தாமதத்துக்கு இழப்பீடு உண்டு. நாளொன்றுக்கு, நிலுவைக் கூலியில் 0.05 சதவீதம். ஆறு நாள் கூலி மொத்தமாக நின்றாலும் அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு ரூபாய்தான். அந்தச் சில்லறைக்கும் டெல்லியில் ஆகும் தாமதம் கணக்கில் சேராமல் இருந்தது. அதையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் சொன்னது.

இந்த நடைமுறைக்கு நடுவில்தான் 2021 மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகத்திலிருந்து ஓர் அறிவுறுத்தல் வந்தது. அதுவரை ஒரே வேலை செய்தவர்களுக்கு ஒரே பண ஆணை. இனிமேல் பட்டியல் சாதியினருக்கு ஒன்று, பழங்குடியினருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றது அந்த அறிவுறுத்தல். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எவ்வளவு பணம் போகிறது என்பதைக் கணக்கில் தெளிவாகக் காட்டவே இது என்று காரணம் சொல்லப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

களத்தில் நடந்தது வேறு. ஒரே வாய்க்காலில், ஒரே வாரம், தோளோடு தோள் நின்று மண் சுமந்தவர்களில் ஒரு சாராருக்குக் கூலி முன்னே வந்தது. மற்றவர்களுக்குப் பின்னே வந்தது. இந்தப் பகுதியில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு மூதாட்டி நம்மிடம் சொன்னார்: “தம்பி, எனக்குப் பணம் ஏறிருச்சு. கூட வேலை பாத்த பொம்பளைக்கு ஏறல. மறுநா அவ என்னயப் பாத்து, ‘கெவுருமெண்டே ஒங்க பக்கந்தான், ஒங்களுக்கு என்ன’ன்னு சொல்லிட்டுப் போறா. நான் என்ன அவ காசையா எடுத்துக்கிட்டேன்?”

அவர் யாருடைய காசையும் எடுக்கவில்லை. அவருக்கு வந்தது சலுகையும் அல்ல. சட்டப்படி 15 நாளில் வர வேண்டிய கூலிதான் வந்தது. அந்த இன்னொரு பெண்ணுக்கும் அதே நாளில் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் டெல்லி. ஆனால் வேலைத்தளத்தில் நிற்கும் பெண்ணுக்கு டெல்லி தெரியாது. பக்கத்தில் நிற்கும் சேரிக்காரிதான் தெரிவாள். கணினி போட்ட கோட்டுக்கு வசை வாங்கியது சேரி. 2018 மே 28 இரவு கச்சநத்தத்தில் நம் மக்கள் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. ஊருக்குள் ஒரு சிறு கசப்பு எங்கே போய் முடியும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதை வெறும் புலம்பலாக விடாமல் கணக்காக மாற்றியவர்கள் ஆராய்ச்சியாளர்கள். ‘லிப்டெக் இந்தியா’ என்ற குழு. பொறியாளர்களும் சமூகப் பணியாளர்களும் சமூக அறிவியல் படித்தவர்களும் சேர்ந்தது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் கற்பித்த ராஜேந்திரன் நாராயணன் போன்ற ஆசிரியர்களும் அதில் உண்டு. 2016-17ஆம் ஆண்டின் கூலிப் பரிவர்த்தனைகளை ஆராய்ந்து, 21 சதவீதமே உரிய நாளில் போய்ச் சேர்ந்தது என்று காட்டியவர்கள் இவர்கள்தான். 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 10 மாநிலங்களில் 18 லட்சம் கூலிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். டெல்லி 7 நாளில் முடிக்க வேண்டிய வேலை, 71 சதவீதப் பதிவுகளில் தாமதமாகியிருந்தது. சாதிவாரியாகப் பார்த்தபோது 7 நாளுக்குள் பணம் போனது பட்டியல் சாதியினருக்கு 46 சதவீதம், பழங்குடியினருக்கு 37 சதவீதம், மற்றவர்களுக்கு 26 சதவீதம்.

இந்த எண்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். ‘பட்டியல் சாதியினருக்கு அதிகம் கிடைத்தது’ என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அது தவறு. பட்டியல் சாதியினரிலும் பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் தாமதம்தான். எல்லோரும் ஏமாந்தார்கள், ஏமாற்றம் மட்டும் சாதிவாரியாகப் பங்கிடப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, செய்தித்தாள்கள் எழுதின, அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று பட்டியல் முறை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கு உதவிய சான்றுகள் ரகசியக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்த விவரங்கள்.

சாதிக் கட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1922இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால்தான் அரசு ஏடுகளில் இழிவாக எழுதப்பட்ட பெயர்கள் போய் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் ஏறியது. 1928இல் சைமன் குழுவுக்கு அண்ணல் அம்பேத்கர் கொடுத்த அறிக்கை, பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோரின் கல்வி நிலையைப் புள்ளிவிவரத்தோடு வைத்தது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் நம் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை இல்லை. எண்ணப்படுவது நம் உரிமை. ஆனால் எதற்காக எண்ணுகிறீர்கள், எண்ணிய பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்பதும் நம் உரிமை.

நெதர்லாந்து நாட்டில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களை, மோசடி செய்தவர்கள் என்று வரித்துறை தவறாகக் குற்றஞ்சாட்டியது. யாரைச் சந்தேகிப்பது என்று பிரித்த கணினி முறையில் குடியுரிமை விவரமும் ஓர் அளவுகோலாக இருந்தது. புலம்பெயர்ந்தோர் குடும்பங்களே அதிகம் அடிபட்டன. உண்மை வெளிவந்து, 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது. இங்கே சாதி, அங்கே குடியுரிமை. கட்டம் ஒன்றுதான்.

நம் கதை 2021உடன் முடியவில்லை. 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கைப்பேசிச் செயலியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். சிக்னல் இல்லாத கண்மாய்க்குள் நிற்பவருக்கு வருகை எப்படிப் பதிவாகும்? 2024 ஜனவரி 1 முதல் கூலி முழுதும் ஆதார் வழியாகத்தான் என்றார்கள். வேலை அட்டையில் ‘கருப்பாயி’ என்றும் ஆதாரில் ‘கருப்பி’ என்றும் இருந்தால், செய்த வேலைக்குக் கூலி எப்போது வரும்? 2024-25இல் ஒரு நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. அந்தப் பணம் நிற்கும்போது மளிகைக் கடைக் கடன் நிற்காது.

ஆராய்ச்சியாளர்களுக்கு நாம் சொல்வது ஒன்றுதான். ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரியிடம் பேட்டி எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். வேலைத்தளத்துக்கு வாருங்கள். கூலி வரவில்லை என்றால் யாரைத் திட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கண்டுபிடித்ததைத் தமிழில் எழுதி, எங்கே விவரம் எடுத்தீர்களோ அந்த ஊர் கிராம சபையிலேயே படியுங்கள்.

மாணவர்களுக்குச் சொல்ல இன்னும் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். கையில் கைப்பேசி இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகப் போனால் உங்கள் ஊர்ப் பட்டியலே வரும். உங்கள் அம்மாவின் வேலை அட்டை எண்ணைப் போட்டால், எந்த வாரம் எத்தனை நாள் வேலை, எந்தத் தேதியில் பண ஆணை போனது என்று தெரியும். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் வங்கிப் புத்தகத்தை வைத்து, பணம் ஏறிய தேதியை எழுதுங்கள். இடையில் 15 நாளுக்கு மேல் ஆகியிருந்தால் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

தெருவில் பத்து வீட்டுக்கு இதைச் செய்யுங்கள். அதில் நம் தெரு மட்டும் வேண்டாம். அம்மாவோடு வேலை பார்க்கும் ஊர்த்தெருப் பெண்ணின் அட்டையையும் கேட்டு வாங்கி எழுதுங்கள். அவர் கூலி எங்கே நிற்கிறது என்று தேதியோடு காட்டினால், அடுத்த முறை அவர் நம் அம்மாவைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. திட்டத்தின் கணக்கைச் சமூகத் தணிக்கை செய்யும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வேலை உறுதிச் சட்டமே கொடுத்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வட்டமிட்ட தேதிகளை எழுந்து நின்று படியுங்கள். தீர்மான நோட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை உட்காராதீர்கள்.